பஸ்டர் கீட்டனும் பறிபோன இயக்குநர் நாற்காலியும்

மௌனப் பட நடிகர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே, பேசும் படம் வந்தது, அவர்கள் காணாமல் போனார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பஸ்டர் கீட்டனைப் பற்றியும் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். 1920களில் சாப்ளினோடும் ஹெரால்ட் லாய்டோடும் சேர்த்துச் சொல்லப்பட்டவர், 1933இல் ஸ்டூடியோவால் வெளியேற்றப்பட்டு, குடியும் பணமுடையுமாகக் கிடந்தார். இந்த இரண்டுக்கும் நடுவில் திரைக்கு ஒலி வந்தது. ஆகவே ஒலிதான் அவரைக் கவிழ்த்தது என்பது அவர்கள் கணக்கு. அவருடைய படங்களை வெளியான வரிசையிலேயே பார்த்துக்கொண்டு வந்தால் இந்தக் கணக்கு உதைக்கிறது. மேடையில் வளர்ந்த அவருக்குக் கரகரப்பான, கனத்த குரல் இருந்தது. அவருடைய முதல் பேசும் படங்கள் நன்றாகவே ஓடின. இன்று நாம் கொண்டாடும் அவருடைய மௌனப் படங்கள் பலவற்றைவிட அவை அதிகம் சம்பாதித்தன. அவர் இழந்தது வேறொன்று. கேமராவை எங்கே வைப்பது, ஷாட்டை எங்கே வெட்டுவது, எங்கே வெட்டாமல் விடுவது என்று முடிவுசெய்யும் உரிமையை, ஒலி அவரிடம் வந்து சேர்வதற்கு முன்பே, 1928இல் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு விட்டுக்கொடுத்திருந்தார்.

ஜோசப் ஃப்ராங்க் கீட்டன் என்ற பெயரோடு 1895 அக்டோபர் 4 அன்று அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பிக்வா என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். பெற்றோர் இருவரும் ஊர் ஊராகச் செல்லும் மேடைக் கலைஞர்கள். நடக்கப் பழகிய சில ஆண்டுகளிலேயே பிள்ளையும் மேடையேறிவிட, ‘மூன்று கீட்டன்கள்’ என்று விளம்பரம் செய்துகொண்டார்கள். அந்த நிகழ்ச்சியின் சாரம் இதுதான்: அடங்காத பிள்ளையைத் தகப்பன் தூக்கி எறிவார், பிள்ளை திரைச்சீலைமீதும் இசைக்குழுவின் நடுவிலும் போய் விழுவான், எழுந்து வந்து மறுபடியும் தகப்பனை வம்புக்கிழுப்பான். தூக்கி எறிய வசதியாகப் பிள்ளையின் சட்டை முதுகில் பெட்டிக் கைப்பிடி ஒன்றைத் தைத்து வைத்திருந்தார்கள். குழந்தைகளைப் பாதுகாக்கும் சங்கத்தார் வந்து உடம்பில் காயம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்துவிட்டுப் போவார்கள். விழுந்து எழும்போது தான் சிரித்தால் கூட்டம் சிரிப்பதில்லை, தான் உம்மென்று இருந்தால் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது என்பதைச் சிறுவன் அங்கேதான் கண்டுகொண்டான். பின்னாளில் உலகமே பேசிய அந்த அசையாத முகம், பார்வையாளர்களின் போக்கை அளந்து பார்த்துக் கைக்கொண்ட தொழில் நுணுக்கம். அதைச் சோகத்தின் அடையாளம் என்று எழுதுபவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

தகப்பனின் குடி முற்றிப்போய் 1917இல் அந்த மேடைக் குழு கலைந்தது. அதே ஆண்டில் நியூயார்க்கில், ஜோசப் ஷென்க் என்ற தயாரிப்பாளருக்காகக் குறும்படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ராஸ்கோ ஆர்பக்கிளைக் கீட்டன் சந்தித்தார். ஆர்பக்கிள் அப்போது சாப்ளினுக்கு அடுத்தபடியாகப் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர். தன் படங்களைத் தானே இயக்குபவர். வேடிக்கை பார்க்க வந்தவரை அன்றே ‘தி புட்சர் பாய்’ படத்தில் நடிக்க வைத்துவிட்டார். கீட்டனுக்கோ நடிப்பைவிடக் கேமராமீதுதான் முதல் கண் விழுந்தது. கேமராவைக் கடன் வாங்கிக்கொண்டு போய், ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்த்து, மறுபடி பூட்டித் திருப்பிக் கொடுத்ததாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். வாரம் 250 டாலர் கிடைக்கவிருந்த மேடை வேலையை விட்டுவிட்டு 40 டாலருக்குப் படத்தில் சேர்ந்தவர் அவர். நடுவில் முதல் உலகப் போருக்காக பிரான்சுக்குப் போய், காது கேட்கும் திறனில் ஒரு பகுதியை இழந்து திரும்பினார்.

1920இல் ஷென்க் அவருக்கென்று தனிக் குழுவையே அமைத்துக் கொடுத்தார். ஹாலிவுட்டில் லிலியன் வே என்ற தெருவில் முன்பு சாப்ளின் படமெடுத்த ஸ்டூடியோ கீட்டன் ஸ்டூடியோ ஆயிற்று. பெயர்தான் அவருடையது, அந்த நிறுவனத்தின் பங்குகள் அவரிடம் இல்லை. சம்பளமும் லாபத்தில் ஒரு பகுதியும் வந்தன, என்ன எடுக்கிறாய் என்று கேட்பார் யாருமில்லை. அது போதும் என்று அவர் இருந்துவிட்டார். மறு ஆண்டில் ஷென்க்கின் மைத்துனி நாட்டலி டால்மட்ஜைத் திருமணமும் செய்துகொண்டதால், தொழில் உறவும் குடும்ப உறவும் ஒன்றாயின. அப்போது யாருக்கும் அதில் சிக்கல் தெரிந்திருக்காது.

அந்தக் குழுவின் முதல் வெளியீடான ‘ஒன் வீக்’ இருபது நிமிடப் படம். புதிதாக மணமானவர்கள், பெட்டிகளில் பகுதி பகுதியாக வரும் மர வீட்டை ஒரு வாரத்தில் தாங்களே பூட்டிக்கொள்ள முனைகிறார்கள். பெட்டிகளின் எண்களைப் பொறாமைக்காரன் ஒருவன் மாற்றி எழுதிவிட, வீடு கோணல் மாணலாக எழும்புகிறது. இறுதியில் அதை வேறிடத்துக்கு இழுத்துச் செல்லும்போது ரயில் பாதையின்மேல் வீடு சிக்கிக்கொள்கிறது. தொலைவில் ரயில் வருகிறது. கணவனும் மனைவியும் கண்களைப் பொத்திக்கொள்கிறார்கள். ரயில் வீட்டைத் தொடாமல் பக்கத்துப் பாதையில் போய்விடுகிறது. பக்கத்தில் இன்னொரு பாதை இருப்பதே அதுவரை நமக்குத் தெரியாது, ஏனென்றால் கேமரா அதை மறைக்கும் கோணத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. நாம் மூச்சு விடுகிற அந்த நொடியில், எதிர்த்திசையிலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைச் சுக்குநூறாக்கிவிட்டுப் போகிறது. கீட்டன் ‘விற்பனைக்கு’ என்ற அட்டையை அந்த மரக்குவியலின்மேல் சாத்தி, வீட்டைப் பூட்டுவதற்கான வழிமுறைத் தாளையும் மறக்காமல் அதோடு சேர்த்துவிட்டு, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். அங்கே நம்மைச் சிரிக்க வைப்பது கேமரா நின்ற இடம். முதல் படத்திலேயே இதைச் செய்தவரை வெறும் நடிகர் என்று எப்படிச் சொல்வது?

அடுத்த ஆண்டு வந்த ‘தி பிளேஹவுஸ்’ இன்னும் வியப்பானது. முந்தைய படப்பிடிப்பு ஒன்றில் கணுக்கால் முறிந்திருந்ததால், விழுந்து புரளும் காட்சிகளைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாகத் தன்னையே பெருக்கிக்கொண்டார். நாடக அரங்கு ஒன்றில் இசைக்குழுவினர், மேடைப் பாடகர்கள், பார்வையாளர்களில் கிழவி, சிறுவன் என எல்லாருமே கீட்டன். ஒரு ஷாட்டில் ஒன்பது கீட்டன்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். கணினி இல்லாத காலத்தில் இதை எடுப்பதற்கு, லென்ஸின் முன்னால் ஒன்பது பட்டைகளாகத் திறக்கக்கூடிய மறைப்பு ஒன்றைச் செய்துகொண்டார்கள். ஒரு பட்டையை மட்டும் திறந்து ஒரு கீட்டனைப் படமெடுப்பது, படச்சுருளைத் தொடக்கத்துக்குச் சுற்றிக் கொண்டுவருவது, அடுத்த பட்டையைத் திறந்து அடுத்தவரை எடுப்பது என்று ஒன்பது முறை. அன்றைய கேமராவைக் கையால்தான் சுற்ற வேண்டும். ஒன்பது முறையும் ஒரே வேகத்தில் சுற்றிய பெருமை ஒளிப்பதிவாளர் எல்ஜின் லெஸ்லியைச் சேரும். எங்காவது தவறினால் ஒன்பதும் வீண். வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைப் போலப் பாடும் அக்கால மேடை வழக்கத்தை வைத்து எடுத்த ஷாட் அது. இன்று பார்க்கும்போது நெளிய வைக்கிறது. தொழில்திறனையும் அந்த நெளிவையும் சேர்த்தேதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

எழுதி முடித்த திரைக்கதை என்ற ஒன்று அந்த ஸ்டூடியோவில் இருந்ததில்லை. தொடக்கமும் முடிவும் பிடிபட்டுவிட்டால் நடுப்பகுதி தானே வந்துவிடும் என்பது கீட்டனின் கொள்கை. எங்காவது முட்டுக்கட்டை விழுந்தால் படப்பிடிப்பை நிறுத்திவிட்டு எல்லாரும் பேஸ்பால் விளையாடப் போய்விடுவார்கள். ஆட்டத்தின் நடுவில் யாருக்காவது யோசனை வந்தால் திரும்பி வருவார்கள். படம் முடிந்ததும் அறிவிக்காமல் ஏதேனும் திரையரங்கில் போட்டுப் பார்த்து, கூட்டம் எங்கே சிரிக்கிறது என்று கவனிப்பார். ‘செவன் சான்சஸ்’ படத்துக்கு அப்படி வெள்ளோட்டம் விட்டபோது, மலைச்சரிவில் ஓடும் அவரது காலில் பட்டுத் தற்செயலாக உருண்ட இரண்டு மூன்று கற்களுக்குக் கூட்டம் சிரித்தது. உடனே திரும்பிப் போய், காகிதக்கூழாலும் சுண்ணச்சாந்தாலும் நூற்றுக்கணக்கான பாறைகளைச் செய்யச் சொல்லி, அவை துரத்த அவர் ஓடும் புகழ்பெற்ற இறுதிக் காட்சியை எடுத்துச் சேர்த்தார். கேள்வி கேட்காத தயாரிப்பாளரும், சம்பளப் பட்டியலில் நிரந்தரமாக இருக்கும் சிறு குழுவும் இருந்தால்தான் இப்படி வேலை செய்ய முடியும்.

1924இல் வந்த ‘ஷெர்லாக் ஜூனியர்’ அவருடைய படங்களிலேயே எனக்கு மிகவும் விருப்பமானது. திரையரங்கில் புரொஜெக்டர் ஓட்டும் இளைஞன் வேலை நேரத்தில் தூங்கிப்போகிறான். கனவில் அவனுடைய உருவம் எழுந்து நடந்து, ஓடிக்கொண்டிருக்கும் திரைப்படத்துக்குள் நுழைந்துவிடுகிறது. நுழைந்தவனைப் படத்தின் வெட்டுகள் பந்தாடுகின்றன. தோட்டத்துப் பெஞ்சில் உட்காரப் போகிறான், காட்சி மாறி வாகனங்கள் ஓடும் தெருவில் விழுகிறான். தெருவில் நடக்கிறான், மலை விளிம்புக்கு வந்துவிடுகிறான். எட்டிப் பார்க்கிறான், சிங்கங்களின் நடுவில் நிற்கிறான். கடல் நடுவிலுள்ள பாறையிலிருந்து நீருக்குள் பாய்கிறான், பனிக்குவியலில் தலைகுப்புறச் செருகிக்கொள்கிறான். பின்னணி மாறுகிறது, மனிதன் மட்டும் திரையின் அதே புள்ளியில், அதே அளவில், அதே அசைவின் தொடர்ச்சியில் இருக்கிறான். ஒவ்வோர் இடத்திலும் கேமராவுக்கும் நடிகருக்கும் உள்ள தொலைவை நில அளவைக் கருவிகளைக் கொண்டு அளந்து பொருத்தினார்கள். நான் இந்த வெட்டுகளை ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்திப் பார்த்திருக்கிறேன், ஒட்டு தெரிவதில்லை. இதே படத்தில் ரயில் நிலையத் தண்ணீர்த் தொட்டியின் குழாயைப் பிடித்துத் தொங்கியபோது, பாய்ந்து வந்த நீர் அவரைத் தண்டவாளத்தின்மீது தள்ளியது. தலைவலியோடு வேலையைத் தொடர்ந்தார். கழுத்தெலும்பு அன்று முறிந்திருந்தது என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரேயில்தான் தெரியவந்தது. அந்த ஷாட் படத்தில் அப்படியே இருக்கிறது. அவர் எழுந்து ஓடுவதும் இருக்கிறது.

டூப் போடாமல் நடித்தார் என்பதைப் பலரும் வியந்து சொல்கிறார்கள். அதைவிட முக்கியமானது, டூப் போடவில்லை என்பது பார்ப்பவருக்குத் தெரியும்படி கேமராவை வைத்தார் என்பது. ஆபத்தான காட்சிகளை முழு உருவமும் சுற்றுப்புறமும் தெரியும் லாங் ஷாட்டில், நடுவில் வெட்டாமல் எடுத்தார். வெட்டினால் நம்ப மாட்டார்கள், நம்பாவிட்டால் சிரிக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

இந்த முறையின் உச்சம் ‘தி ஜெனரல்’. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862இல், வடக்குப் படையின் ஒற்றர்கள் தெற்கத்தியரின் ரயில் இஞ்சின் ஒன்றைத் திருடிக்கொண்டு ஓடிய உண்மை நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, இஞ்சினைப் பறிகொடுத்த டிரைவரின் கதையாக மாற்றினார். தெற்கத்தியர்களை வில்லன்களாகக் காட்டினால் பார்வையாளர்கள் ஏற்க மாட்டார்கள் என்று சொல்லி அவர்கள் பக்கத்தில் நின்று கதை சொன்னார். தெற்கு காக்கப் போரிட்ட அடிமைமுறையைப் பற்றிப் படம் மூச்சே விடுவதில்லை. அது ஒரு குறைதான், அதை மழுப்ப வேண்டியதில்லை. பழைய பாணி இருப்புப்பாதை ஆரிகன் மாநிலத்தின் காட்டேஜ் குரோவ் பகுதியில் இருந்ததால், 1926 கோடையில் குழு முழுவதும் அங்கே போய்த் தங்கியது. மாநிலக் காவல் படையினர் சுமார் 500 பேர் நீலச் சீருடையில் வடக்குப் படையாகவும் சாம்பல் சீருடையில் தெற்குப் படையாகவும் மாறி மாறி ஓடினார்கள். விறகெரியும் இஞ்சின்களின் தீப்பொறியால் காட்டுத்தீ பிடித்துப் படப்பிடிப்பு நின்றும் போனது.

படத்தின் தொடக்கப் பகுதியில், காதலி முகம் திருப்பிக்கொண்டு போனதும், டிரைவர் ஜானி கிரே இஞ்சின் சக்கரங்களை இணைக்கும் நீண்ட தண்டின்மேல் சோர்ந்துபோய் உட்காருகிறான். வண்டி மெல்ல நகர, தண்டு அவனை மேலும் கீழுமாகத் தூக்கி இறக்குகிறது. யோசனையில் இருப்பவனுக்கு அதுவே தெரிவதில்லை. நீராவி கொஞ்சம் கூடுதலாகப் பாய்ந்து சக்கரம் சறுக்கிச் சுழன்றிருந்தால் ஆள் பிழைத்திருக்க முடியாது. இன்னோர் இடத்தில், ஓடும் இஞ்சினின் முன்பக்க இரும்புச் சட்டத்தில், மார்பில் ஒரு ஸ்லீப்பர் கட்டையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எதிரே தண்டவாளத்தின் குறுக்கே இன்னொரு கட்டை கிடக்கிறது. இறங்கி அப்புறப்படுத்த நேரமில்லை. கையிலிருக்கும் கட்டையைத் தூக்கி, கிடக்கும் கட்டையின் முனையில் சரியாகப் போடுகிறான். இரண்டும் ஒன்றாகப் பாதையை விட்டு எகிறுகின்றன. ஒரே ஷாட். அதில் நகைச்சுவை இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. ஒரு சிக்கலே இன்னொரு சிக்கலுக்குத் தீர்வாவதைக் கண்ணெதிரே பார்ப்பதில் வரும் சிரிப்பு அது.

1926 ஜூலை 23 அன்று, எரியும் மரப்பாலம் ஒன்றின்மேல் உண்மையான இஞ்சினை ஓட்டி ஆற்றில் விழவைத்தார். ஊரே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. மௌனப் படக் காலத்திலேயே அதிகச் செலவு பிடித்த ஒற்றை ஷாட் என்று அதைச் சொல்கிறார்கள். 42,000 டாலர் என்பது வழக்கமாகக் குறிப்பிடப்படும் தொகை. இவ்வளவு செலவழித்த இயக்குநர் அதைப் பல கோணங்களில் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கலாம். கீட்டன் ஒரே ஒருமுறை, தொலைவிலிருந்து காட்டுகிறார். பாலம் தாங்கும் என்று உத்தரவிட்ட தளபதியின் முகத்துக்கு வெட்டுகிறார். அவ்வளவுதான். இஞ்சின் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பழைய இரும்புக்காக அகற்றப்படும்வரை ஆற்றிலேயே கிடந்தது.

படம் வசூலில் விழுந்தது. விமர்சகர்களும் கைவிட்டார்கள். போர் என்பது சிரிக்கத் தக்கதா என்றும், நகைச்சுவை குறைவு என்றும் எழுதினார்கள். 1972இல் உலகத் திரை விமர்சகர்கள் தேர்ந்தெடுத்த முதல் பத்துப் படங்களில் இடம்பெற்றதும், 1989இல் அமெரிக்கா பாதுகாக்க வேண்டிய படங்களென முதன்முதலாகத் தேர்ந்த 25 படங்களில் ஒன்றானதும் இதே படம்தான். ஆனால் 1927இல் ஷென்க்குக்குத் தெரிந்ததெல்லாம் நஷ்டம். அதன் பிறகு செலவைக் கட்டுப்படுத்தக் கண்காணிப்பு வந்தது.

சுதந்திரமாக எடுத்த கடைசிப் படமான ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ 1928இல் வெளியானது. வெள்ளத்தில் முடிவதாக இருந்த கதை, முந்தைய ஆண்டு மிசிசிப்பி வெள்ளம் ஏற்படுத்திய அழிவால் சூறாவளியாக மாற்றப்பட்டது. அந்தச் சூறாவளியில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுவதும் சாய்ந்து அவர்மேல் விழுகிறது. மாடிச் சன்னலின் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்திறங்க, அவர் நின்றபடி நிற்கிறார். இந்த யோசனை திடீரென்று வந்ததில்லை. 1919இல் ஆர்பக்கிளுடன் எடுத்த ‘பேக் ஸ்டேஜ்’ படத்தில் இலேசான மேடைத் தட்டி ஒன்று ஆர்பக்கிள்மேல் இப்படி விழுந்திருக்கிறது; ‘ஒன் வீக்’ படத்தில் மர வீட்டின் சுவர் விழுந்திருக்கிறது. மூன்றாம் முறை, சுமார் இரண்டு டன் எடையுள்ள சுவர். முதலில் சட்டத்தைத் தரையில் கிடத்தி, அவர் நிற்குமிடத்தைச் சுற்றிச் சன்னலை அளந்து, பிறகு சுவரை நிமிர்த்திக் கீழே கீல் பூட்டினார்கள். தோளுக்கும் சட்டத்துக்கும் சில அங்குல இடைவெளிதான். குழுவில் சிலர் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரே யோசனையை ஒன்பது ஆண்டுகளில் மூன்று முறை எடுத்து, ஒவ்வொரு முறையும் கனத்தைக் கூட்டியவர், தன் வேலையைத் தானே திருத்தி எழுதும் எழுத்தாளரைப் போன்றவர்.

அந்த ஆண்டில் ஷென்க் ஸ்டூடியோவை மூடிக்கொண்டு, தன் சகோதரர் நிக்கோலஸ் தலைமையில் இருந்த எம்ஜிஎம் நிறுவனத்துக்குக் கீட்டனை அனுப்பிவைத்தார். போகாதே என்று சாப்ளினும் லாய்டும் எச்சரித்தார்கள். அவர்கள் இருவரும் தங்கள் படங்களுக்குத் தாங்களே உரிமையாளர்கள். கீட்டனுக்குக் கையில் ஒன்றுமில்லை. சம்பளம் வாரம் 3,000 டாலர். தன் வாழ்க்கையின் மிகப்பெரிய தவறு என்று பின்னாளில் அவரே இதைக் குறிப்பிட்டார்.

முதல் படமான ‘தி கேமராமேன்’ நன்றாக அமைந்துவிட்டது. எழுதிக் கொடுத்த திரைக்கதையோடு போராடி, இயக்குநர் எட்வர்ட் செட்ஜ்விக்கையும் தன் வழிக்குக் கொண்டுவந்தார். நீச்சல் குளத்தில் உடைமாற்றும் குறுகிய அறைக்குள் கீட்டனும் இன்னொருவரும் ஒரே நேரத்தில் சிக்கிக்கொண்டு, ஒருவர் சட்டைக்குள் இன்னொருவர் கை நுழைய மல்லுக்கட்டும் காட்சி படப்பிடிப்பில் அப்போதைக்கப்போது உருவானது. படத்தின் சிறந்த பகுதிகளில் ஒன்று அது. அடுத்த படமான ‘ஸ்பைட் மேரேஜ்’ஐ ஒலியோடு எடுக்கலாம் என்று அவரே கேட்டார், நிறுவனம் மறுத்துவிட்டது. ஒலி அவரை விழுங்கியது என்பவர்கள் இந்த ஒரு செய்தியையாவது கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1930இல் ‘ஃப்ரீ அண்ட் ஈஸி’ வந்தபோது கீட்டன் வேறொருவராக இருக்கிறார். மௌனப் படங்களின் கீட்டன் உடம்பால் சிறியவன், ஆனால் கணக்கில் புலி. எந்த இயந்திரத்தையும் சிறிது நேரத்தில் புரிந்துகொள்வான். எம்ஜிஎம்மின் கீட்டனோ பெயரே எல்மர் என்றான மண்டு. தடுமாறுவான், உளறுவான், நாம் இரக்கப்பட வேண்டியவன். படத்தின் முடிவில் கோமாளிச் சாயம் பூசிய முகத்தோடு, காதல் கைகூடாதவனாக நிற்கிறான். சிறுவயது முதல் கட்டிக்காத்த முகத்தின்மேல் சாயம் பூசிச் சோகமாக நிற்கவைத்தார்கள் என்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. பிறகு வந்த படங்களில் ஓயாமல் பேசும் ஜிம்மி டுராண்டியை அவரோடு கோத்துவிட்டார்கள். ஸ்பானிய, பிரெஞ்சு, ஜெர்மன் பதிப்புகளுக்காக வசனங்களை ஒலிப்படி மனப்பாடம் செய்து ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப நடிக்கவும் வைத்தார்கள். படங்கள் ஓடின. கீட்டன் குடிக்கத் தொடங்கினார். 1932இல் மணமுறிவு, 1933இல் வேலைநீக்கம்.

அதன்பின் சில ஆண்டுகள் செலவில்லாமல் எடுக்கப்பட்ட குறும்படங்கள். அவற்றில் அங்கங்கே பழைய மின்னல்கள் உண்டு. கொடுமை என்னவென்றால், எம்ஜிஎம்மே அவரைக் குறைந்த சம்பளத்துக்கு, பிறர் படங்களுக்கு நகைச்சுவைக் காட்சிகள் யோசித்துக் கொடுப்பவராகத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1948இல் ரெட் ஸ்கெல்டன் நடித்த ஒரு படத்தில், இரண்டு படைகளுக்கும் நடுவே ஒருவன் நடந்து போகிறான். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் நீலச் சீருடை, மறுபக்கத்திலிருந்து பார்த்தால் சாம்பல் சீருடை. இரு படையும் அவனைத் தங்கள் ஆள் என்று ஆரவாரிக்கின்றன. கீட்டன் கொடுத்த யோசனை அது. திரையில் அவர் பெயர் இல்லாவிட்டாலும் யாருடைய மூளை என்பது தெரிந்துவிடும். 1940இல் எலினோர் நாரிஸை மணந்த பிறகு வீட்டு வாழ்க்கையும் நிலைப்பட்டது.

1949இல் ஜேம்ஸ் ஏஜி என்ற விமர்சகர் ‘லைஃப்’ இதழில் மௌன நகைச்சுவைப் படங்களைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை கீட்டனை மறுபடி பேசவைத்தது. 1952இல் சாப்ளினின் ‘லைம்லைட்’ படத்தில் இருவரும் ஒன்றாக மேடையேறினார்கள். கீட்டனின் பழைய மாளிகையை வாங்கியிருந்த நடிகர் ஜேம்ஸ் மேசன், அங்கே மறைந்துகிடந்த படச்சுருள்களைக் கண்டெடுத்தார்; தொலைந்ததாக நினைத்த படங்கள் மீண்டன. கௌரவ ஆஸ்கர் வந்தது. 1965இல் வெனிஸ் திரைப்பட விழாவில் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. 1966 பிப்ரவரி 1 அன்று, புற்றுநோயால், எழுபதாவது வயதில் இறந்தார்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது விருதுகள் அல்ல. 1964இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக, இருப்புப்பாதையில் ஓடும் சிறு மோட்டார் வண்டியில் ஒருவன் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை போகும் ‘தி ரெயில்ராடர்’ என்ற வசனமில்லாத குறும்படத்தில் நடித்தார். அந்தப் படப்பிடிப்பைப் பற்றித் தனியாக ஓர் ஆவணப்படமும் எடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு பெரிய விவாதம் நடக்கிறது. உயரமான பாலத்தின்மேல் வண்டி போகும்போது, பெரிய வரைபடத்தை விரித்து அதற்குள் தான் சிக்கிக்கொண்டு, பாலத்தைக் கவனிக்காமலே கடக்க வேண்டும் என்கிறார் கீட்டன். இளம் இயக்குநர் ஜெரால்ட் பாட்டர்டன் ஆபத்து என்று அஞ்சி, வேறு பாதுகாப்பான காட்சியை யோசித்து வைத்திருக்கிறார். அறுபத்தொன்பது வயதில், இருமிக்கொண்டே, தங்கியிருக்கும் ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்து கீட்டன் விளக்குகிறார்: பாலத்தை வைத்துச் சிரிக்க வைக்க முடியாது, அது வெறும் அபாயம், சிரிப்பு வரைபடத்தில் இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால்தான் காட்சி. இயக்குநர் விட்டுக்கொடுத்தார். வரைபடத்தைச் சுற்றிக்கொண்டு பாலத்தைக் கடக்கும் அந்த ஷாட் படத்தில் இருக்கிறது.